280 பேர், ஒரு மண்டபம், விடாத மழை: டெல்டா ஊர் ஒன்றின் கிறிஸ்துமஸ் விழா விளையாட்டுகள்

கிறிஸ்துமஸ் விழாவில் விளையாட்டு என்றால் நம் சபைகளில் சட்டென்று நினைவுக்கு வருபவை மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், லக்கி கார்னர், பலூன் உடைத்தல். வீட்டு மொட்டை மாடியில் நாற்பது ஐம்பது பேர் கூடினால் இவை தாராளமாகப் போதும். 300 பேர் கூடுகிற இடத்தில் இவற்றையே வைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில் இருபது பேர் ஆடுவார்கள். பிள்ளைகள் மேடையைச் சுற்றி ஓடுவார்கள். பெரியவர்கள் செல்போனை எடுப்பார்கள். பின்வரிசையில் இருக்கும் அத்தைகள் சாப்பாடு எப்போது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் உள்ள ஓர் ஊரில், சபை ஒன்றின் கிறிஸ்துமஸ் மர விழாவை வேறு மாதிரி நடத்திப் பார்த்தோம். ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன். பெரிய கூட்டத்துக்கு விளையாட்டு ஏற்பாடு செய்யப்போகிற யாருக்காவது உதவும் என்பதால், என்ன வைத்தோம், ஏன் வைத்தோம், எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

வந்தவர்கள் ஏறத்தாழ 280 பேர். சபைக் குடும்பங்கள் பாதிக்கு மேல். மற்றவர்கள் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த உறவினர்கள், பக்கத்துப் பங்கிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், தெருவில் கூடவே வாழும் இந்து, முஸ்லிம் வீட்டுக்காரர்கள். கைக்குழந்தை முதல் எண்பது வயதைத் தாண்டியவர்கள் வரை எல்லா வயதினரும் இருந்தார்கள்.

நாள் குறிப்பதே இந்தப் பக்கத்தில் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். 24ஆம் தேதி இரவும் 25ஆம் தேதி காலையும் ஆராதனை. 25 மதியம் அவரவர் வீட்டுச் சமையல், உறவினர் வருகை. 26ஆம் தேதியை இந்தக் கரையில் யாரும் கொண்டாட்டத்துக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமி அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. தரங்கம்பாடியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது 2020இல். இன்றும் அந்த நாளில் கரையோரம் முழுக்க நினைவு வழிபாடுதான். 31ஆம் தேதி இரவு வருட இறுதி ஆராதனை. ஆக மிஞ்சுவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலை. நாலு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குச் சாப்பாடு என்று முடிவானது.

டிசம்பரில் டெல்டாவில் மழையை நம்பி எதையும் திறந்தவெளியில் வைக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கிற நேரம். ஆலய வளாகத்தில் ஷாமியானா போடலாம் என்று சிலர் சொன்னார்கள். சேற்றில் சாக்கு ஓட்டம் வைப்பது நடக்காது என்று கல்யாண மண்டபத்தையே பிடித்தோம். அன்றைக்கு மதியம் பிடித்த மழை இரவு வரை விடவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர்?

முதல் கூட்டத்தில் நிறைய விளையாட்டுகளின் பெயர்கள் வந்தன. தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டோம்: இந்த விளையாட்டு நடக்கும்போது எந்த நிமிடத்தில் பார்த்தாலும் எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்?

மியூசிக்கல் சேரை இந்தக் கேள்வியில் போட்டுப் பார்த்தோம். 20 பேரை மேடைக்கு அழைத்தால் 260 பேர் வேடிக்கைதான். 20 பேரில் ஒருவர் ஜெயிக்க 19 சுற்று வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் இருபது நிமிடம் போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் அவுட் ஆகி, போய் உட்காருவார். ஆட வந்தவரை உட்கார வைப்பதற்கென்றே ஒரு விளையாட்டு! சிறிய கூட்டத்தில் அவுட் ஆனவர் மூன்று நிமிடத்தில் அடுத்த ஆட்டத்துக்குள் வந்துவிடுவார். பெரிய கூட்டத்தில் அவர் வீட்டுக்குப் போகும்வரை பார்வையாளர்தான்.

பார்சல் கைமாற்றுவதையும் கணக்குப் போட்டோம். 280 பேரை ஒரே வட்டமாக உட்காரவைத்து, ஒரு கைக்கு ஒரு நொடி என்று கொடுத்தால், பார்சல் ஒரு சுற்று வர 4 நிமிடம் 40 நொடி ஆகும். பாட்டு அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும். மண்டபத்தின் அந்தக் கோடியில் இருப்பவர்களுக்கு ஆட்டம் முடியும்வரை பார்சல் கைக்கே வராது. அதே கூட்டத்தைப் பத்து வட்டமாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒரு பார்சல் கொடுத்தால் 28 நொடியில் ஒரு சுற்று. விளையாட்டு அதேதான், மாறியது வட்டத்தின் அளவு மட்டும்தான்.

அங்கே விழாவின் அமைப்பு தானாகவே வந்துவிட்டது. பத்துக் குழு, பத்து நிறம். வட்டத்துக்கு இரண்டு பொறுப்பாளர்கள்: ஒருவர் கல்லூரியில் படிக்கும் பிள்ளை, மற்றவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். இளைஞர்களை மட்டும் பொறுப்பில் வைத்திருந்தால் பெரியவர்களை எழுப்பி ஆடவைக்க அவர்களுக்குத் தயக்கமாக இருந்திருக்கும். “வாங்க பெரியம்மா, எழுந்திருங்க, நானே ஆடுறேன்ல” என்று சம வயதுக்காரர் ஒருவர் சொன்னால்தான் பெரியம்மா எழுந்திருப்பார்.

மண்டபத்து நாற்காலிகளை வழக்கம்போல் மேடை பார்த்து வரிசையாகப் போடவில்லை. காலையிலேயே பத்து வட்டமாகப் போட்டுவிட்டோம். இந்த ஒரு ஏற்பாட்டுக்கே பாதிப் பலன் இருந்தது. வரிசையாக இருந்தால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, பிறகு எழ மாட்டார்கள். நுழைவாயிலில் ஆளுக்கு ஒரு வண்ண ரிப்பனைக் கையில் கட்டினோம். ஒரே குடும்பத்தாருக்கு வேண்டுமென்றே வெவ்வேறு நிறம். மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும் வேறு வேறு வட்டம். சின்னப் பிள்ளைகள் மட்டும் அம்மா பக்கத்தில்.

பிறந்த மாதத்தை வைத்துக் குழு பிரிக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அது நம் ஊருக்குப் பொருந்தாது. பெரியவர்களில் நிறைய பேருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்தநாள். மே, ஜூன் குழுக்கள் பெருத்துவிடும், நவம்பர் குழு காற்றாடும்.

வாசலில் தொடங்கிய ஆட்டம்

நாலு மணிக்கு அழைத்தால் நாலரை வரை கூட்டம் வந்துகொண்டே இருக்கும். அந்த அரை மணி நேரத்தை வீணாக்காமல் ‘ஆளைத் தேடு’ என்று ஒரு சீட்டு கொடுத்தோம். பதினாறு கட்டம், கட்டத்துக்கு ஒரு விவரம். சம்பா நடவு நட்டவர். காவிரியில் நீச்சல் பழகியவர். வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர். அச்சுமுறுக்கு சுடத் தெரிந்தவர். பேரப்பிள்ளைகள் ஐந்துக்கு மேல் உள்ளவர். கட்டுமரம் ஏறியவர். தவில் அல்லது நாதஸ்வரம் வாசிப்பவர் வீட்டைச் சேர்ந்தவர். இப்படி. பொருத்தமான ஆளைத் தேடிப் பிடித்து அந்தக் கட்டத்தில் அவர் பெயரை எழுத வேண்டும். ஒருவர் பெயரை ஒரு முறைதான் எழுதலாம்.

படிக்கத் தெரியாதவர்களும் கண் சரியாகத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால், சீட்டை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்காமல் ஒரு பெரியவருக்கும் ஒரு பிள்ளைக்கும் சேர்த்து ஒன்றாகக் கொடுத்தோம். பிள்ளை படிக்கும், எழுதும். யாரைக் கேட்க வேண்டும் என்பது பெரியவருக்குத் தெரியும். “கட்டுமரம் ஏறினவங்க யாரு ஆத்தா?” என்று பிள்ளை கேட்டால், “அந்தா பச்சைச் சேலை கட்டியிருக்காளே, அவ புருஷன்” என்று பதில் வரும். இந்த ஏற்பாட்டில்தான் கடற்கரை ஊர்க்காரர்களும் வயல்காட்டு ஊர்க்காரர்களும் பேசத் தொடங்கினார்கள். விழாவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் இதுவும் ஒன்று. அறிவிப்பு, மேடை, மைக் எதுவும் இல்லாமல் கூட்டம் தானே கலந்தது.

பெயர் மாறிய ஆட்டம்

முகாம்களில் எல்லோருக்கும் பழக்கமான ஆட்டம் ஒன்று உண்டு. “கப்பல் மூழ்குது, படகுக்கு ஆறு பேர்” என்று நடத்துபவர் கத்துவார், ஆறு ஆறு பேராகச் சேர வேண்டும், சேராதவர் அவுட். பெரிய கூட்டத்துக்கு அருமையான ஆட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். எங்கள் பட்டியலிலும் இருந்தது. பொறுப்பாளர்களில் கடற்கரை ஊர்ப் பெண் ஒருவர், “ஆட்டம் இருக்கட்டும் அண்ணே, அந்தப் பேரு வேண்டாம்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. கடலில் ஆளை இழந்த குடும்பங்களை உட்காரவைத்து, 26ஆம் தேதிக்குச் சில நாட்கள் இருக்கும்போது, மூழ்குகிற கப்பலை விளையாட்டாகச் சொல்லக் கூடாது. விளையாட்டு ஏற்பாடு செய்பவர்கள் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பட்டியலை இறுதி செய்ய வேண்டும்.

ஆட்டத்தை விடவில்லை, பெயரை மாற்றினோம். நடுவில் நிற்பவர் “நாத்துக் கட்டு!” என்பார். கூட்டம் “எத்தனை நாத்து?” என்று கேட்கும். “ஏழு!” என்றதும் ஏழு ஏழு பேராகச் சேர வேண்டும். டெல்டாவில் இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. இரண்டாவது சுற்றிலேயே கேள்வி கேட்கும் குரல் மண்டபத்தை அதிரவைத்தது.

மிச்சம் நிற்பவர்களை அவுட் ஆக்கவில்லை. அவர்கள் நடுவுக்கு வந்து அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். இந்த மாற்றம் ஆட்டத்தின் சுபாவத்தையே மாற்றியது. 280 பேரை ஒன்பதால் வகுத்தால் ஒருவர் மிச்சம். அப்படித் தனியாக நின்றது எட்டு வயதுப் பையன். வெட்கப்பட்டு ஓடிவிடுவான் என்று நினைத்தால், நடுவுக்கு வந்து “நாத்துக் கட்டு, நூறு!” என்று கத்தினான். அந்த நெரிசலில் யாரும் யாரையும் எண்ணவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்கிற ஆட்டங்களில் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, சங்கடம் உண்டு. அதைப் பழமை என்று ஒதுக்கினால் அவர்கள் மெல்ல எழுந்து சமையற்கட்டுப் பக்கம் போய்விடுவார்கள். குழுவுக்கு ஒரு கட்டுத் துண்டு வாங்கி வைத்திருந்தோம். கைக்குப் பதிலாகத் துண்டின் நுனியைப் பிடித்தால் போதும். ஈரோட்டுத் துண்டு, கனமில்லாதது. இதற்குப் பிறகு யாரும் ஒதுங்கவில்லை.

மின்சாரம் போனபோது

ஐந்தே காலுக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும் என்று மண்டபத்தார் முன்பே சொல்லியிருந்தார்கள். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. அடுத்தது பார்சல் ஆட்டம், அதற்குப் பாட்டு வேண்டும்.

அழைப்பின் பேரில் வந்திருந்த பக்கத்துத் தெரு தவில் கலைஞர் ஒருவர் வீட்டுக்கு ஆள் அனுப்பித் தவிலை எடுத்துவரச் சொன்னார். மார்கழி பிறந்துவிட்டது, விடியற்காலையில் கோயிலில் அவருக்கு வேலை. இருந்தும் அரை மணி நேரம் நின்று வாசித்தார். ஸ்பீக்கர் பாட்டு நிற்கும்போது எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். தவில் அப்படி இல்லை. வேகம் ஏறும், கைகள் வேகமாகும், தீர்மானம் (வாசிப்பை முடிக்கும் சொற்கட்டு) வைக்கப்போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள், அவர் வைக்காமல் மறுபடி தொடங்குவார். பத்து வட்டத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வெடிக்கும். ஸ்பீக்கர் வேலை செய்திருந்தால் இது கிடைத்திருக்காது. அடுத்த விழாவுக்குத் தவிலை முதலிலேயே, முறையாகச் சம்பாவனை பேசி, ஏற்பாடு செய்ய வேண்டும்.

பார்சலில் ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சீட்டு. தண்டனையாக எதுவும் இல்லை. ஆடு, குயில் மாதிரிக் கத்து போன்றவை பெரியவர்களை வெட்கப்பட வைக்கும். ‘உங்கள் வலப்பக்கம் இருப்பவரைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்லுங்கள்’, ‘உங்கள் சிறுவயது கிறிஸ்துமஸில், அல்லது பொங்கலில், ரம்ஜானில் என்ன பலகாரம்?’, ‘இந்த வட்டத்தில் மூத்தவருக்கு ஒரு அதிரசம் கொண்டுவந்து கொடுங்கள்’ என்ற மாதிரி.

நட்சத்திரம்

விழாவின் நடுநாயகம் இதுதான். குழுவுக்கு ஒரு நட்சத்திரம் கட்ட வேண்டும், நேரம் முப்பது நிமிடம்.

இப்போது கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கி எல்இடி விளக்கு போட்டு மாட்டிவிடுகிறோம். முன்பு டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு மூங்கில் சிம்பு சீவி நட்சத்திரம் கட்டுவார்கள். அந்தக் கை வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவராவது இருப்பார்கள் என்பது எங்கள் கணக்கு. அது சரியாகவே இருந்தது.

ஒரு குழுவுக்கு இரண்டரை அடி நீளத்தில் பத்துச் சிம்பு, அரை அடி நீளத்தில் ஐந்து. கட்டுநூல், கத்தரிக்கோல், மைதாப் பசை, அந்தக் குழுவின் நிறத்தில் வண்ணத்தாள். நெடுஞ்சிம்பு ஐந்தை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக, மேலும் கீழுமாக மாறி மாறிப் பின்னி, ஐந்து முனையிலும் கட்டினால் தட்டையான ஒரு நட்சத்திரம். இதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகுதான் வித்தை: நடுவில் சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் இரண்டு நட்சத்திரத்துக்கும் இடையே குறுஞ்சிம்பை நிறுத்தினால் வயிறு உப்பி, நட்சத்திரம் கனம் பெற்றுவிடும். உள்ளே விளக்கு வைக்க இடம் கிடைப்பது அப்படித்தான்.

கல்லூரிப் பிள்ளைகள் யூடியூபில் தேடலாம் என்று போனை எடுப்பதற்குள், மஞ்சள் குழுவில் கொத்தனார் வேலை பார்த்து ஓய்ந்த தாத்தா ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முழு நீளத்தையும் வளைத்துப் பார்த்து, கணு உள்ள இரண்டு சிம்பைத் தள்ளிவைத்தார். “கணுவுல ஒடியும்பா. வேற குடு” என்றார். பல்லால் நூலைக் கடித்து, ஒரே கையால் முடிச்சுப் போட்டார். சுற்றிலும் பிள்ளைகள். ஒருவன் முனையைப் பிடிக்க, ஒருத்தி குறுஞ்சிம்பை நுழைக்க, பக்கத்தில் பெண்கள் வண்ணத்தாளை அளந்து வெட்ட, கைக்குழந்தைக்காரி பசை தடவ, அங்கே சும்மா இருந்தவர் என்று ஒருவரும் இல்லை. நாங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது. நடக்க முடியாதவரும் உட்கார்ந்தபடி ஆடலாம், பேச்சு வராதவரும் ஆடலாம், படித்தவர் படிக்காதவர் என்ற பேதம் கிடையாது.

கத்தோலிக்கர், லுத்தரன் என்றில்லை, இந்து வீட்டுப் பெண்களும் வண்ணத்தாள் ஒட்டுவதில் கெட்டிக்காரிகள். கோலத்தின் கணக்கு கையில் இருப்பவர்களுக்கு ஐந்து முனையில் தாள் மடிப்பது எளிதாகத்தான் வருகிறது.

குறை ஒன்று: ஈரக் காற்றில் பசை காயவில்லை. முப்பது நிமிடம் போதாமல் நாற்பத்தைந்து ஆனது. இரண்டு குழுக்களின் தாள் தொங்கியபடியே இருந்தது. இருந்தாலும் பத்தும் நட்சத்திரம்தான். எது முதல் என்று நடுவர் வைக்காமல், பத்தையும் மண்டபத்துக் கம்பிகளில் மாட்டினோம்.

இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

வினாடிவினா என்றால் மேடையில் நாலு பேர் பதில் சொல்ல, மற்றவர்கள் கொட்டாவி விடுவது வழக்கம். அதையும் கூட்டத்துக்கு ஏற்ப மாற்றினோம். ஒரு வாக்கியம் சொல்லப்படும். சரி என்று நினைப்பவர்கள் மேடையின் வலப்பக்கம், தவறு என்பவர்கள் இடப்பக்கம் போக வேண்டும். தவறினாலும் ஆட்டத்தில் இருக்கலாம், சரியான விடைகளை அவரவரே விரல் மடக்கி எண்ணிக்கொள்ளலாம்.

வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நோக்கம் இருந்தது. ஞாயிறு தவறாமல் ஆலயம் வருபவர்கள் மட்டுமே ஜெயித்தால் மற்றவர்கள் விருந்தாளிகளாகவே நிற்பார்கள். ஆகவே வேதாகமம், ஊர் வரலாறு, வயல் என்று கலந்து வைத்தோம். ‘குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று வேதாகமம் சொல்கிறது.’ சபைக்காரர்கள் கூட்டமாக வலப்பக்கம் போனார்கள். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள் மூன்று. வந்தவர்களின் எண்ணிக்கையை மத்தேயு சொல்லவே இல்லை, லூக்காவிலோ அவர்கள் வருவதே இல்லை. போதகரே சிரித்துவிட்டார். ‘சீகன்பால்கு டென்மார்க்கில் பிறந்தவர்.’ தரங்கம்பாடிப் பக்கத்து மக்கள் என்பதால் இதிலும் பலர் மாட்டினார்கள். 1706இல் டென்மார்க் அரசர் மறைப்பணிக்கு அனுப்பி வந்தாரே தவிர, அவர் ஜெர்மானியர். ‘புதிய எருசலேம் ஆலயம் டேனிஷ் கோட்டையைவிடப் பழையது’ என்பதற்குத் தரங்கம்பாடிப் பிள்ளைகள் ஒரே ஓட்டமாக இடப்பக்கம் ஓடினார்கள்: கோட்டை 1620, ஆலயம் 1718. ‘மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூலை 12’ என்றபோது விவசாயிகள் ஒருவர்கூட அசையவில்லை, ஏற்கெனவே இடப்பக்கம் நின்றிருந்தார்கள். ஜூன் 12 அவர்களுக்கு மனப்பாடம்.

ஒரு குழப்பம் வந்தது. முந்தின ஆள் எங்கே போகிறாரோ அங்கேயே போவது. இது மனித சுபாவம், தடுக்க முடியாது. வாக்கியத்தைச் சொன்னதும் எல்லோரும் கண்ணை மூடி, கையை உயர்த்திவிட்டுப் பிறகு நடக்கச் சொன்னோம். ஓரளவு சரியானது.

வைக்காதவையும் எடுபடாதவையும்

பிஸ்கட் தின்னும் போட்டி, சோறு தின்னும் போட்டி இரண்டையும் முதல் கூட்டத்திலேயே விலக்கினோம். தொண்டையில் அடைக்கும் என்பது ஒரு காரணம். நெல் விளைகிற ஊரில் சோற்றை இறைத்து ஆடுவதை யாராலும் ரசிக்க முடியாது என்பது இன்னொன்று. கண்ணைக் கட்டிக் கம்பு சுழற்றும் உறியடி திறந்த தெருவில் நல்ல ஆட்டம், மூடிய மண்டபத்தில் ஆபத்து. சீட்டில் வந்த பெயருக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கும் கிறிஸ்துமஸ் ஃபிரண்ட் குலுக்கல் இளைஞர் குழுவுக்குள் மட்டும் நடந்தது. 280 பேருக்கு வைத்தால் பரிசு கிடைக்காமல் பத்துப் பேராவது மனம் நொந்து போவார்கள்.

பலூன் உடைப்பதைப் பிள்ளைகள் கேட்டதற்காகச் சேர்த்தோம். காலில் பலூனைக் கட்டிக்கொண்டு மற்றவர் பலூனை மிதிப்பது. வாசலில் இருந்து வந்த ஈரக் கால்களால் தரை வழுக்கியது. ஒரு பையன் சறுக்கி விழுந்தான், அடி இல்லை. கைக்குழந்தைகள் சத்தத்துக்கு அழுதன. இரண்டே நிமிடத்தில் நிறுத்தினோம். மழைக்காலத்தில், டைல்ஸ் தரையில் ஓடிப் பிடிக்கும் ஆட்டமே வேண்டாம்.

பாட்டுக்குப் பாட்டு சுமாராகத்தான் போனது. கீர்த்தனைகளில் சபைக்காரர்கள் மட்டும் பாட, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பாட்டும் பாடலாம் என்று விதியைத் தளர்த்திய பிறகு ஒரு பாட்டி நடவுப்பாட்டு எடுத்தார், பெண்கள் எல்லோரும் பின்பாட்டுப் பாடினார்கள். முதலிலேயே அப்படித் தொடங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக, பந்திக்கு இலை போடும் நேரத்தில் தம்போலா, அழைக்கும் எண்ணைச் சீட்டில் அடித்துக்கொண்டே வரும் ஆட்டம். 1 முதல் 90 வரை எண்கள், சீட்டுக்கு 15. காசு வாங்காமல் சீட்டு கொடுத்தோம். ஆலய விழாவில் பணம் வைத்து ஆடுவதற்குப் போதகர் ஒப்பமாட்டார், அது சரியும்கூட. எண்ணைச் சும்மா படிக்காமல் குறிப்பாகச் சொன்னோம். பத்துக் கட்டளை. பன்னிரண்டு சீடர். ஆடிப்பெருக்கு என்றதும் “பதினெட்டு!” என்று கூட்டமே கத்தியது. நாயன்மார் 63, கலைகள் 64. ‘வேதாகமத்துப் புத்தகங்கள்’ என்று சொல்லி 66 என்பதற்குள், கத்தோலிக்க அத்தை ஒருவர் “எங்களுக்கு 73 தம்பி” என்று எழுந்து நின்றார். அவர் சீட்டில் 73 இருந்தது! இரண்டையும் அழைத்துவிட்டோம்.

பரிசு தனி ஆளுக்கு இல்லை, குழுவுக்கு. பிளாஸ்டிக் டப்பா, டம்ளர் என்று வாங்கிக் குவிக்காமல், குழுவுக்கு ஒரு பூவன் தார். வட்டத்திலேயே சீப்பு சீப்பாக அறுத்துப் பிரித்துக்கொண்டார்கள். பத்துக் குழுவுக்கும் ஒன்று, கூடுதல் மதிப்பெண் எடுத்த குழுவுக்கு இன்னொன்று.

அடுத்த விழாவுக்கு

நட்சத்திரத்தை நிகழ்ச்சியின் முதல் பாதிக்குக் கொண்டுவர வேண்டும், காய நேரம் கிடைக்கும். மைதாப் பசைக்குப் பதில் ஃபெவிகால். சிம்பை வீட்டிலேயே கணு பார்த்துச் சீவி வைக்க வேண்டும். ஆட்ட விளக்கம் மூன்று வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குமேல் போனால் செய்துகாட்டிவிட வேண்டும். மைக் இல்லாமல் நடத்த முடியாத ஆட்டம் பட்டியலில் இருக்கக் கூடாது.

ஐந்நூறு பேர் வருவார்களே என்று பக்கத்து ஊரிலிருந்து கேட்கிறார்கள். வட்டத்தைப் பெரிதாக்க வேண்டாம், வட்டங்களைக் கூட்டுங்கள். வட்டத்துக்கு 28 பேர் என்று வைத்தால் 18 வட்டம், 36 பொறுப்பாளர்கள், நெடுஞ்சிம்பு 180, குறுஞ்சிம்பு 90. ஒடிவதற்கென்று குழுவுக்கு இரண்டு நெடுஞ்சிம்பு கூடுதலாகச் சீவிக்கொள்ளுங்கள்.